நாப்பத்தோராவது தீர்மானம்

"கிரவுண்ட வித்துட்டு இங்கயே வந்து நிக்கிறீங்களே கோச், வெக்கமா இல்ல?"

சகாயம் கோச் செருப்பக் கழட்டி கோல் போஸ்ட் ஓரமா விட்டாரு.

பதினோரு வருஷம் பெரிய கிளப்புக்கெல்லாம் கோல்கீப்பரா ஆடுனவரு. போன வருஷம் எங்க வார்டுக்கு கவுன்சிலர் ஆனாரு. காலேஜுக்கு மட்டம் போட்டு வீடு வீடா நோட்டீஸ் குடுத்தது நானு. 'நம்ம கிரவுண்ட எவனும் தொட முடியாது'ன்னு அதுல போட்டிருந்துச்சு.

இன்னிக்கு காலைல மாநகராட்சிக் கூட்டம். சாயங்காலமே கிரவுண்ட சுத்தி கல்லு நடுறாங்க. குப்பை லாரி நிறுத்தப் போறாங்களாம்.

"நான் விக்கல ஜெபா."

"அப்ப சும்மாவே குடுத்துட்டீங்களா?"

குனிஞ்சு பையோட ஜிப்பத் தொறந்தாரு.

"நம்ம பொண்ணுங்க டீமுக்கு வேற கிரவுண்டே கிடையாது. இருபத்தி மூணு பேரு. நாளையில இருந்து ஒவ்வொருத்தியையும் வீட்ல உக்கார வெச்சிருவாங்க. ரெண்டு பேருக்கு மாப்ளையே பாத்தாச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சு இன்னா கிழிச்சீங்க?"

கோச் பையில இருந்து க்ளவுஸ எடுத்து என் கைல குடுத்தாரு.

"போய் கோல்ல நில்லு."

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க மொதல்ல."

"நில்லு."

திட்டிக்கினே போனேன். ஒரு கைலதான் மாட்டியிருந்தேன். அதுக்குள்ள பந்த உதைச்சுட்டாரு. எனக்குப் பின்னாடி வலை ஆடுச்சு.

"இப்ப டைவ் அடி."

"பந்து உள்ள போயிருச்சு."

"டைவ் அடி."

"லூசா நீங்க? கோல் ஆனப்புறம் டைவ் அடிச்சு யாருக்கு இன்னா லாபம்?"

வந்து போஸ்ட்ல சாஞ்சு நின்னாரு.

"நம்ம கிரவுண்டு நாப்பத்தோராவது தீர்மானம். ஒண்ணுல இருந்து எழுபது வரைக்கும் நிறைவேறிச்சுன்னு மேயர் ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. எல்லாரும் மேசையத் தட்டுனாங்க. நான் எழுந்து நின்னது நின்னபடியே இருக்கேன். அதுக்கப்புறந்தான் என் மைக்க ஆன் பண்ணாங்க."

"அத மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வெளிய வந்திருக்கலாம்ல? எங்களக் கூப்ட்டிருக்கலாம்ல?"

கல்லு நடுறவங்க பெனால்டி ஏரியாவுக்கே வந்துட்டாங்க. கோச் நகர்ந்து அவங்களுக்கு வழி விட்டாரு.

"பேசுனீங்களா, மைக்ல?"

"பத்து நிமிஷம்."

"எவனாச்சும் காதுல வாங்குனானா?"

"எல்லாரும் கேட்டாங்க,"ன்னாரு. "மேயர் கூட கை தட்டுனாரு."