பொன்னுரங்கம் சாரின் விடை அட்டை

“முப்பது வருஷமா திருத்துறேன் மேடம். எனக்கு மார்க் போடத் தெரியலைன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார் பொன்னுரங்கம்.

சகாயமேரி பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

“உட்காருங்க சார்” என்றார்.

உட்கார நாற்காலி இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுதான் இருந்தது. பொன்னுரங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கினார்.

ஏப்ரல் மாதம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்தும் முகாம். வகுப்பறைக்கு எட்டு ஆசிரியர்கள், அவர்களுக்கு மேலே ஒரு சீஃப். ஆளுக்குக் காலையில் பன்னிரண்டு பேப்பர், மதியத்துக்கு மேல் பன்னிரண்டு. திருத்தியதில் சிலவற்றை உருவி மறுபடி பார்ப்பது சீஃபின் வேலை. ஆசிரியர்களுக்குச் சிவப்பு மை, சீஃபுக்குப் பச்சை மை.

இந்த அறையின் சீஃப் சகாயமேரிக்கு நாற்பத்து மூன்று வயது. பொன்னுரங்கத்துக்கு அடுத்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். சீஃபாக இருக்க முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஏழு மணி வரை இருக்க வேண்டும் என்றதும் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே யார் குரு, யார் சீடர் என்பதை இங்கே நரைமுடியை வைத்துச் சொல்ல முடியாது.

முகாம் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சகாயமேரியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது, அதுவும் பேப்பர் பறக்கிறது என்று இரண்டில் வைத்திருந்தார்கள்.

“இந்தக் கணக்கு” என்று ஒரு பேப்பரைத் திருப்பி வைத்தார். “அஞ்சு மார்க் கணக்கு. ஒண்ணு போட்டிருக்கீங்க.”

பொன்னுரங்கம் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தார். மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்ன கணக்கு. முதல் வரிக்கு ஒரு சிவப்பு டிக். இரண்டாவது வரியிலிருந்து பக்கத்தின் அடி வரை ஒரே கோடு, குறுக்காக.

“விடை தப்பு. கீ என்ன சொல்லுது? ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறதைப் பாருங்க. பதினொன்றில் இருபத்தேழாம். இதுக்கு ஸ்கேல் வெச்சுக் கட்டம் வேற கட்டியிருக்கு.”

“எங்க தப்பு?”

“எல்லாமே தப்பு.”

“எந்த வரியில?”

பொன்னுரங்கத்துக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. முப்பது வருடப் பழக்கம்.

“ரெண்டாவது வரி. மைனஸ் மூணையும் மைனஸ் ரெண்டையும் பெருக்கி மைனஸ் ஆறுன்னு எழுதியிருக்கு. ஒன்பதாம் வகுப்புத் தப்பு.”

“சரி. மூணாவது வரி?”

“அது ரெண்டாவதிலிருந்து வந்ததுதானே?”

“நாலாவது?”

“மேடம், நான் என்ன ஸ்டூடண்டா?”

சகாயமேரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தார். தன் பென்சிலையும் வைத்தார்.

“ஒரு உதவி பண்ணுங்க சார். அந்த இடத்துல மைனஸ் ஆறுன்னே வெச்சுக்கிட்டு, அங்கிருந்து நீங்க போடுங்க.”

“தப்புன்னு தெரிஞ்சே எதுக்குப் போடணும்?”

“எனக்காக.”

அதற்கு மேல் மறுத்தால் சின்னத்தனமாக இருக்கும். பொன்னுரங்கம் போட்டார்.

அவர் கணக்குப் போடுவதைப் பார்க்க யாருக்கும் ஆசையாக இருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி சமக்குறி நேராக வந்து நிற்கும். நான்கு நிமிடத்தில் கடைசி வரிக்கு வந்தார். பென்சில் நின்றது.

பதினொன்றில் இருபத்தேழு.

சகாயமேரி அந்தத் தாளைப் பிள்ளையின் பேப்பருக்குப் பக்கத்தில் நகர்த்தினார். வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. கட்டம் மட்டும்தான் இல்லை.

“உங்க விடையும் தப்பு சார். எத்தனை போடட்டும்?”

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

“வாதத்துக்கு இது நல்லா இருக்கு மேடம். ஆனா கணக்குன்னா கணக்கு. அஸ்திவாரம் போச்சுன்னா அது மேல எத்தனை மாடி கட்டினாலும் வீடு இல்ல.”

“கீயோட முதல் பக்கத்துல என்ன போட்டிருக்கு? பிழை விழுந்த இடத்துல மட்டும் கழி, அப்புறம் அந்த எண்ணை வெச்சுக்கிட்டே தொடர்ந்து பாரு. நாலு வரும்.”

“கீயைப் பாத்துத்தான் திருத்தினேன்” என்று பொன்னுரங்கம் சட்டைப் பையைத் தட்டினார்.

அந்தப் பையில் ஒரு போஸ்ட்கார்டு இருந்தது. முகாமில் எல்லோருக்கும் கீ என்று அச்சடித்த விடைக்குறிப்பு தருவார்கள், பதினாறு பக்கம். மற்றவர்கள் அதைப் புரட்டிப் புரட்டி வியர்வையில் நனைப்பார்கள். பொன்னுரங்கம் தொட மாட்டார். முதல் அரை மணி நேரத்தில் எல்லா விடைகளையும் ஒரு கார்டில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். பிறகு கார்டு மட்டும்தான். மற்றவர்கள் எட்டாவது பேப்பரில் இருக்கும்போது அவர் பன்னிரண்டையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கார்டில் விடை இருக்கும். முதல் பக்கம் இருக்காது.

“மொத்தத்தைப் பாத்தீங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இருபத்து மூணு. இருபத்தஞ்சு எடுத்தா பாஸ். பாஸ் போட்டு விடணும்னா நேரா சொல்லுங்க. நானும் பிள்ளை குட்டிக்காரன்தான்.”

“மொத்தத்தை நான் பாக்கல. இந்தப் பக்கத்தைத்தான் பாத்தேன்.”

“பச்சைப் பேனா உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே மாத்திக்கங்க.”

“இதை மாத்திடுவேன் சார். மதியம் உங்களுக்கு வர பன்னிரண்டு? நாளைக்கு வர இருபத்து நாலு? எல்லாத்தையும் என்னால உருவிப் பாக்க முடியாது. நான் பாக்காத பேப்பருக்கு உங்க சிவப்புதான் கடைசி.”

பொன்னுரங்கம் எழுந்தார். எழுந்திருக்கவும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

“இந்தப் பிள்ளைங்களுக்கு இரக்கம் காட்டிக் காட்டித்தான் பெருக்கல் கூட மறந்துபோச்சு. நான் மாத்த மாட்டேன்.”

“பேப்பர் கட்டு இங்கயே இருக்கட்டும். சாப்பிட்டு வாங்க” என்றார் சகாயமேரி.

அவர் போன பிறகு சகாயமேரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, களைப்புதான். பிறகு அந்தப் பன்னிரண்டு பேப்பரையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

பொன்னுரங்கம் தயிர் சாதம் முடித்து, வேப்ப மரத்தடியில் பத்து நிமிடம் சாய்ந்துவிட்டு வந்தபோது சகாயமேரி கையை நீட்டினார்.

“அந்தக் கார்டைக் கொஞ்சம் குடுங்க சார்.”

கொடுத்தார். கொஞ்சம் பெருமையாகவே கொடுத்தார்.

“பதிமூணாவது கேள்வி. ஒரு மார்க். விடை என்ன?”

“அதுலயே இருக்கே. மூணு.”

சகாயமேரி அச்சடித்த விடைக்குறிப்பைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

இரண்டு.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அச்சில் இரண்டுதான் இருந்தது. கார்டில், அவருடைய முத்து எழுத்தில், மூன்று இருந்தது.

“எழுதும்போது மேல் வரியைப் பாத்திருப்பேன்” என்றார்.

“ரெண்டுன்னு சரியா எழுதின பிள்ளைங்களுக்கு ஒண்ணு போச்சு. மூணுன்னு எழுதினவங்களுக்கு ஒண்ணு சும்மா வந்திருக்கு. பன்னிரண்டு பேப்பர்ல பதினொண்ணு. ஒரு பிள்ளை மட்டும் நாலுன்னு எழுதினதால தப்பிச்சுது.”

“இன்னிக்குத்தான் மேடம். நேத்து வரைக்கும் வேற செட் பேப்பர், வேற கார்டு.”

“தெரியும் சார். பாத்தேன்.”

காலையில் பேசிய பேப்பரை எடுத்து மேலே வைத்தார். “இந்தப் பிள்ளையும் மூணுன்னுதான் போட்டிருக்கு. அந்த ஒண்ணைக் குறைக்கணும். இருபத்து ரெண்டு.”

பொன்னுரங்கம் தலையாட்டினார். அவர் அந்தப் பேப்பரைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த நீளமான ஒரு படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் மூன்று மணிக்கு முகாம் அலுவலருக்குப் போகும் அறிக்கை அது. எட்டு ஆசிரியர்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம்: தவறுகளின் எண்ணிக்கை. பத்து வரைக்கும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பத்தைத் தாண்டினால் மெமோ. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். மெமோ நிலுவையில் இருக்கிறவரின் ரிட்டயர்மென்ட் ஃபைல் மேசையை விட்டு நகராது என்பதும் தெரியும். முப்பது வருடத்தில் பொன்னுரங்கத்தின் கட்டத்தில் இரண்டு என்றுகூட யாரும் எழுதியது கிடையாது.

சகாயமேரி பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“பதினொண்ணு” என்றார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“பேப்பர் பதினொண்ணுதான். நான் இல்லைங்கல. ஆனா நான் பதினொரு தப்பு பண்ணல.”

“பேப்பரைப் பாத்தா அப்படித் தெரியலையே சார். பதினொரு இடத்துல உங்க சிவப்பு இருக்கு, பதினொண்ணும் தப்பு.”

“அது அப்படி இல்ல மேடம்.” பொன்னுரங்கம் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். பயம் வெளிப்படையாகவே தெரிந்தது. அதை மறைக்கிற தெம்பு அவருக்கு இல்லை. “கொஞ்சம் பொறுமையா பாருங்க. நீங்களும் கணக்கு டீச்சர்தானே. தப்பு கார்டுல விழுந்துச்சு. ஒரே ஒரு தடவை, அந்த ஒரு இடத்துலதான். அதுக்கப்புறம் நான் எங்கயும் தவறல. கார்டுல என்ன இருக்கோ அதை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு பேப்பரும் ஒழுங்கா, வரிசையா, ஒண்ணு விடாம சரியாத்தான்...”

வாய் அங்கேயே நின்றது.

அறையில் மற்ற ஏழு பேரும் தலை குனிந்து திருத்திக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. மேலே இருந்த பேப்பரின் ஓரம் எழும்பியது, படிந்தது.

சகாயமேரி அவரைப் பார்த்தார். முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. காலையில் இருந்த அதே களைப்புதான்.

“எத்தனை போடட்டும் சார்?” என்று கேட்டார்.

பொன்னுரங்கம் படிவத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அந்தப் பிள்ளையின் பேப்பரை இழுத்துக்கொண்டார். தான் குறுக்கே கிழித்திருந்த நீளக் கோட்டை மேலிருந்து கீழே வரை ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடினார்.

“நாலு” என்றார்.