பதினொரு தடவ

சங்கரபாண்டி சாரோட கணக்கு கிளாஸ் தலைகீழ் கிளாஸ். பாடத்த வீட்லயே வீடியோவுல பாத்துட்டு வந்துரணும். பள்ளிக்கூடத்துல கணக்கு மட்டும் போடணும். அவரு வீட்டு ஹால் ஃபேன் இருக்கே, லாரி மாதிரி கத்தும். மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்தது, வீட்டுக்காரம்மா மாத்த விடமாட்டாங்க. அதனால அடுப்படியில நின்னுதான் வீடியோ எடுப்பாரு. சரி, அது கெடக்கட்டும்.

அன்னைக்கு யாரெல்லாம் பாக்கலன்னு தெரிஞ்சுக்கிட ஒரு லிஸ்ட்ட புரொஜக்டர்ல சுவத்துல போட்டுக் காமிச்சாரு. யாரு எத்தன தடவ பாத்தாங்கன்னும் அதுல இருந்துச்சு. எல்லாருக்கும் ஒண்ணு, ரெண்டு. ஜெயக்கனிக்குப் பதினொண்ணு.

"ஏட்டி கனி, பாடமா பாத்த, சினிமாவா பாத்த?"ன்னா பின்பெஞ்சு மெர்லின்.

"பாட்டு எப்ப வரும்னு காத்துக் கெடந்திருப்பா!"ன்னா பக்கத்துல இருந்தவ.

கிளாஸே சிரிச்சுச்சு. கனிக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. ஏழாப்புல ஒருக்க ஸ்கூல் லீவுன்னு தெரியாம வந்து, கேட்டுக்கு வெளிய ஒத்தையில நின்னவ அவ. அந்த வெக்கமெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமேயில்ல.

அந்த நேரம் பாத்து சார் அவளையே போர்டுக்குக் கூப்பிட்டாரு. மைனஸால வகுத்தா பெருசு-சிறுசு குறியத் திருப்பணும். பதினொரு தடவ பாத்ததுதான். கை திருப்பல.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பேப்பரோட போனா. காமர்ஸ் குரூப்புக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதியிருந்துச்சு. மாற மறுநாள்தான் கடைசி.

"என்னம்மா இது?"

"எனக்குக் கணக்கு வராது சார். நீங்க நாலே நிமிசத்துல தடங்காமப் போட்டுருதீங்க. எல்லாருக்கும் ஒரு தடவையில ஏறிருது. எனக்கு மட்டும்…"

சார் கையெழுத்துப் போடல. செல்போன எடுத்து நீட்டினாரு.

"இதெல்லாம் பாரு."

அதே கணக்கு, அதே அடுப்படி. மொத வீடியோவுல ரெண்டாவது வரியிலயே சார் முழிக்காரு. அடுத்ததுல கூட்டல் தப்பு. அதுக்கடுத்ததுல குறியத் திருப்ப மறந்துட்டு, "சே"ன்னு நெத்தியில அடிச்சுக்கிடுதாரு. பின்னால வீட்டுக்காரம்மா சத்தம்: "இன்னுமா முடியல? கொழம்பு தாளிக்கணும்லா!"

கனி விரலால தள்ளிக்கிட்டே போனா. பத்தொம்பது இருந்துச்சு. கடைசி ஒண்ணுதான் அவ வீட்ல பாத்தது.

அவளுக்குச் சிரிப்பு வரல. மேசையில கெடந்த பேப்பர மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

"சார், இதையும் எங்களுக்கு அனுப்பிருக்கலாம்லா? ஏன் சார் அனுப்பல?"

சார் போன வாங்கிச் சட்டப்பையில போட்டாரு. அவ மொகத்தப் பாக்கல.

"வெக்கமா இருந்துச்சும்மா."