பெயர் வெட்டிய கிண்ணம்

முன்னொரு காலத்தில், சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டிக்கொண்டும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் சனங்கள் வாழ்ந்த தலைநகரம் ஒன்று இருந்தது. ஒருநாள் உப்பரிகையில் நின்ற அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை. "எதிர்த் தெருவில் நாற்பது வீடுகள். ஒரு பேச்சுக்குரல் இல்லை. மூன்று நாளில் இந்தத் தெரு பேசியாக வேண்டும்!"

விகடகவி கூத்தப்பன் மேல் வெகுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்த அமைச்சர் முந்திக்கொண்டார். "கூத்தப்பன் குடியிருப்பது அந்தத் தெருவில்தான், அரசே. அவனே செய்யட்டும். ஆனால் ஆணை கூடாது, முரசு கூடாது, அங்கே அவன் வாய் திறக்கவும் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

சபையையே விழுந்து விழுந்து சிரிக்க வைப்பவனுக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு பூனைகூட இல்லை. பதினோரு வருடமாகத் தெருவின் கடைசி வீட்டில் தனியாக உண்டு தனியாகப் படுப்பவன். நாட்டை விட்டுப் போனால் தேடக்கூட ஆளில்லையே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் யோசித்தவன், மூன்றாம் நாள் காலை தன் பெயர் வெட்டிய பித்தளைக் கிண்ணத்தில் சுண்டலை நிரப்பி, முதல் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

முதல் வீட்டு அஞ்சலையின் பிள்ளைகள் சுண்டலைத் தின்று தீர்த்துவிட்டார்கள். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரலாமா? இரண்டு அதிரசம் போட்டுக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள்.

"ஏங்க, கூத்தப்பன்னு யாருங்க? எந்த வீடு?"

"தெரியலையே. ஆமா, நீங்க யாரு?"

"பக்கத்து வீடுதாங்க!"

"அட! இருங்க, நானும் வாரேன்."

அந்த அம்மாள் ஒரு பிடி அவல் போட்டாள். அடுத்த வீட்டில் முறுக்கு. உச்சிப்பொழுதுக்குள் தெருவே சந்தைக்கடை ஆகிவிட்டது. கதவுக்குப் பின்னால் கூத்தப்பன் தன் பெயரை ஊரார் கேட்டு வருவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் அவன் கதவும் தட்டப்பட்டது.

"கூத்தப்பன் நீங்கதானா?"

வாய் திறக்கக் கூடாதே! தலையை மட்டும் ஆட்டினான். கண்ணீர் கொட்டியது.

"ஐயோ பாவம், ஊமைப் பிள்ளை!" என்று அஞ்சலை ஓடிப்போய் இன்னும் ஓர் அதிரசம் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் சபையில் அமைச்சர் குதித்தார். "மோசடி, அரசே! பெயரை வைத்து ஊரைக் கூட்டிவிட்டான்!"

"கிண்ணம் வாய் திறக்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லையே, அமைச்சரே!" என்றான் கூத்தப்பன்.

அதற்குள் அரசர், கூத்தப்பன் கொண்டுவந்திருந்த கிண்ணத்திலிருந்த அதிரசத்தையும் முறுக்கையும் தின்று முடித்திருந்தார். காலிக் கிண்ணத்தில் பொன்னை நிரப்பி, அதைக் கூத்தப்பன் வீட்டில் சேர்க்கக் காவலனை அழைத்தார்.

"ஆள்விட்டு அனுப்பக் கூடாது, அரசே. கதவைத் தட்டிக் கேட்டுத்தான் தரவேண்டும்" என்றான் கூத்தப்பன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே கிண்ணத்தோடு நடந்து வந்து, முதல் வீட்டில் வழி கேட்டார்.

"நம்ம ஊமைப் பிள்ளை வீடா? கடைசி வீடுங்க!" என்று தெருவே ஒன்றாகச் சொன்னதாம்.